மொட்டைக்குன்றுக்குப் போன கயிறு

"ஆண்டவர் எல்லா மலைக்கும் முகம் வெச்சாரே, இந்த மலைக்கு மட்டும் ஏன் வைக்கல?"

ஞாயிறுப் பள்ளியில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி ஒருநாள் இப்படிக் கேட்டாள். அன்றைய பாடம் படைப்பு. ஜன்னலுக்கு வெளியே மொட்டைக்குன்று. சுற்றியிருந்த மற்ற மலைகளுக்கெல்லாம் மூக்கு மாதிரி ஒரு பாறையோ, நெற்றி மாதிரி ஒரு செங்குத்தோ, தழும்பு மாதிரி ஓர் ஓடையோ இருந்தது. மொட்டைக்குன்று மட்டும் கவிழ்த்து வைத்த சட்டிபோல எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே உருண்டை. பாடம் நடத்திய எல்ஸ்பெத் கில்லீஸ், "அடுத்த வசனத்தைப் படி" என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சிறுமி மார்சலி இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டாள். இன்வர்னெஸிலிருந்து மழையில் வண்டி ஓட்டி வந்தவள், ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் சமையலறை மேசையில் எல்ஸ்பெத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அப்பா லாக்லன் மெக்விக்கர் நேற்றுக் காலை வீட்டைவிட்டுப் போனவர். இன்று மதியம் வரை திரும்பவில்லை.

எல்ஸ்பெத் போலீஸில் இருந்த காலத்திலும் ஞாயிறுதோறும் ஊருக்கு வந்து பாடம் நடத்தியவள்; ஓய்வு பெற்றதும் ஊரோடு வந்துவிட்டாள். கணவர் நார்மன் இறந்த பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஒரு கெட்டில்தான் இருந்தது. ஊரில் எது காணாமல் போனாலும் அவளைக் கூப்பிடுவார்கள். நாய், படகு, வேலிக்கல், ஒருமுறை போதகரின் பல்செட்டு. மனிதன் காணாமல் போனது இதுதான் முதல் தடவை.

அவளுக்குப் பக்கத்தில் டெஸ் க்வின். கிளாஸ்கோக்காரன். பார்சல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, பனியில் சிக்கி, வழி திறந்த பிறகும் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவன். எல்ஸ்பெத்தின் உதவியாளன் என்று தானாகவே சொல்லிக்கொண்டான். அவளும் மறுக்கவில்லை.

"கான்ஸ்டபிள் பெயின் ஆளுங்களோட பிர்ச் மரக்காட்டுலயும் ஏரிக்கரையிலயும் தேடிட்டிருக்கார் டீச்சர்," என்றாள் மார்சலி. ஞாயிறுப் பள்ளி முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் அவளுக்கு எல்ஸ்பெத் டீச்சர்தான்.

"ஏன் மரக்காடு?"

மார்சலி ஈரக் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கொட்டகை ஆணியில தொங்கிட்டிருந்த கயிறைக் காணோம்."

டெஸ் எல்ஸ்பெத்தைப் பார்த்தான்.

"வேற?"

"ஸ்வீப்பைக் கட்டிப் போட்டுட்டுப் போயிருக்கார். நாய் இல்லாம அப்பா வாசலைத் தாண்டினதே இல்ல. ஒரு மாசமா சரியாச் சாப்பிடலையாம். கடைக்காரம்மா சொன்னாங்க, ரொட்டி மட்டும் முன்னைவிட நிறைய வாங்கறாராம், ஆனா ஆள் இளைச்சுட்டே போறாராம். அப்புறம்..." அவள் குரல் தணிந்தது. "திருவிருந்து அன்னைக்கு நடந்தது உங்களுக்கே தெரியும்."

தெரியும். அக்டோபர் திருவிருந்து நாளில், சபை மூப்பர் லாக்லன் மெக்விக்கர் தம் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்பமும் ரசமும் வைத்த மேசைக்குப் போகாமல், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இந்த ஊரில் ஒருவர் அப்படி உட்கார்ந்திருந்தால், அவர் மனசாட்சியில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் பார்த்தார்கள். வெளியே வந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

"ஏன் என்னன்னு யாரும் கேக்கலையா?" என்றான் டெஸ்.

"இங்க அப்படிக் கேக்க மாட்டோம்," என்றாள் எல்ஸ்பெத்.

"எங்க தெருவுல ஒருத்தன் தும்மினாலே நாலு பேர் வந்து என்ன ஏதுன்னு கேப்பாங்க. அதுல ரெண்டு பேர் மருந்து விப்பாங்க."

மார்சலி சிரிக்கவில்லை. மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நான்தான் டீச்சர் செஞ்சேன். முட்டி தேஞ்சு போச்சு, இனிமே மலை ஏற வேணாம், ஆட்டை வித்துடுங்கன்னு போன்ல அரிச்சு எடுத்தேன். செப்டம்பர்ல கிளென் ஓரல் பண்ணைக்காரர்கிட்ட மொத்தச் செம்மறி மந்தையையும் குடுத்துட்டார். அப்புறம் போன் பண்ணா 'நல்லா இருக்கேன்'னு மட்டும் சொல்வார். அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. நானும் கேக்கல." அவள் நிமிர்ந்தாள். "பெயின் என்ன நினைக்கிறார்னு எனக்குத் தெரியும். அவர் நினைக்கிறது நிஜமா இருந்தா, நான் எப்படி டீச்சர் இனிமே இருக்கறது?"

எல்ஸ்பெத் அவள் கைமேல் தன் கையை வைத்தாள். ஆறுதல் வார்த்தை எதுவும் வரவில்லை. கேள்விதான் வந்தது.

"ஸ்வீப் இப்ப எங்க?"

"பெயின் கூட்டிட்டுப் போனார். ஆனா அது மோப்பமே பிடிக்கலையாம். மரக்காட்டுக்குள்ள போனதுலேர்ந்து திரும்பத் திரும்ப வீட்டுப் பக்கமே இழுக்குதாம்."

"வீட்டுப் பக்கமா? இல்ல, வீட்டைத் தாண்டியா?"

மார்சலி புரியாமல் பார்த்தாள். எல்ஸ்பெத் எழுந்து பின்பக்க ஜன்னலுக்குப் போனாள். முன்வாசல் பக்கம் ஏரியும் மரக்காடும். பின்பக்கம், கல்வேலிக்கு அப்பால், பாதி உடம்பை மூடுபனிக்குள் இழுத்துக்கொண்டு மொட்டைக்குன்று.

"மரக்காட்டுலேர்ந்து இந்த மலையை நோக்கி நேரா ஒரு கோடு போட்டா, நடுவுல இந்த வீடு வரும்," என்றாள். "நாய் வீட்டுக்கு வரணும்னு இழுக்கல."

"ஆனா அங்க ஆடே இல்லையே! அப்பாவுக்கு அங்க என்ன வேலை?"

"அதான் எனக்கும் தெரியல. க்வின், அந்த மலையைப் பார்த்தா உனக்கு என்ன தெரியுது?"

"ஏறச் சொல்லப் போறீங்கன்னு தெரியுது."

"மரம் ஏதாவது தெரியுதா?"

டெஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து கேலி மெல்ல இறங்கியது. "ஒரு மரம்கூட இல்ல பாஸ். ஒரு கம்பம்கூட இல்ல."

"பெயின் நினைக்கிற காரியத்துக்குக் கயிறு எடுத்தவர் இந்தப் பக்கம் வரமாட்டார்," என்றாள் எல்ஸ்பெத், மார்சலியின் பக்கம் திரும்பாமல், மெதுவாக. "மரமே இல்லாத மலைக்கு ஒருத்தர் கயிறோட போறார்னா, எதையோ கட்டிக் கூட்டிட்டு வரப் போறார்."

*

பெயினுக்குப் போன் செய்தாள். இருட்டுவதற்குள் ஏரிக்கரையை முடிக்க வேண்டும், ஒரு ஆளைக்கூடப் பிரித்து அனுப்ப முடியாது என்றார் அவர். மேகம் இறங்கியிருப்பதால் ஹெலிகாப்டரும் வராதாம். மார்சலி தானும் வருவதாக எழுந்தாள். அப்பா ஒருவேளை வேறு வழியாக வந்தால் வீட்டில் ஆள் வேண்டும், அடுப்பு எரிய வேண்டும் என்று சொல்லி எல்ஸ்பெத் அவளை உட்கார வைத்தாள்.

மொட்டைக்குன்று ஏறுவதற்குக் கடினமான மலை அல்ல. அதுதான் அதன் ஆபத்து. முதுகுபோல மெல்ல மெல்ல உயரும். ஹெதர் புதரும் சதுப்பும் மாறி மாறி வரும். இதோ உச்சி என்று தோன்றும் இடத்துக்குப் போனால் இன்னொரு வளைவு தெரியும். பாதை கிடையாது. பனி மூடிவிட்டால் மேலே போகிறோமா சுற்றி வருகிறோமா என்பது காலுக்கே தெரியாது. வெளியூர்க்காரர்கள் யாரும் இதில் ஏற மாட்டார்கள். படம் எடுக்க இதில் ஒன்றுமில்லை.

எல்ஸ்பெத்துக்கு இந்த மலையைப் பிடிக்கும். நார்மன் இறந்த வருஷம் அவள் இங்கேதான் நடந்து திரிந்தாள். அப்போதெல்லாம் எங்கே நின்றாலும் லாக்லனின் ஆடுகள் இரண்டொன்று தலையைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி மேயும். அது ஒரு துணை. இன்று அந்தத் துணையும் இல்லை. காற்றுகூட இல்லை. தன் மூச்சும், பின்னால் வரும் டெஸ்ஸின் புலம்பலும்தான்.

"பாஸ், இந்த மலையை வரைஞ்சவருக்குப் பென்சில் முனை உடைஞ்சிருக்கும்."

"பேசாம நட. மூச்சு மிச்சமாகும்."

"பேசினாத்தான் நான் இன்னும் உயிரோட இருக்கேன்னு எனக்கே தெரி..."

தொப்பென்று ஒரு சத்தம். திரும்பினாள். டெஸ் மல்லாந்து கிடந்தான்.

"அடி பட்டுதா?"

"கௌரவத்துலதான்." எழுந்து பேன்ட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக் கையை முகர்ந்தான். முகம் கோணியது. "பாஸ், இந்த மலையில ஆடே இல்லன்னுதானே சொன்னாங்க?"

"ஆமா. செப்டம்பர்லயே போயாச்சு."

"அப்ப நான் எது மேல வழுக்கி விழுந்தேன்?"

எல்ஸ்பெத் குனிந்து பார்த்தாள். கறுப்பாக, மினுமினுவென்று, மழையில் கரையாத ஆட்டுப் புழுக்கை. அதிகம் போனால் நேற்றையது.

"க்வின், இன்னைக்கு நீ செஞ்ச உருப்படியான வேலை இதுதான்."

"உட்கார்ந்தே செஞ்சேன்."

இன்னும் கொஞ்சம் மேலே ஒரு ஹெதர் கிளையில் வெள்ளை ரோமம் சிக்கியிருந்தது. பக்கத்துத் தட்டைக் கல்லின்மேல், பறவைகள் விட்டுவைத்த ரொட்டித் துணுக்கு ஒன்று ஊறிக் கிடந்தது. எல்ஸ்பெத் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மலையாடு அதுஅது பொறந்த இடத்தை விட்டு நகராது," என்றாள். "வேலி வேணாம். தாய் எங்க மேஞ்சுதோ அங்கதான் குட்டியும் மேயும். வித்து வேற ஊருக்கு அனுப்பினா, சிலது திரும்பி வந்துடும். மலை தாண்டி, ஆறு தாண்டி, வாரக்கணக்குல நடந்து வந்துடும்."

"கிளென் ஓரல்லேர்ந்தா? அங்கேர்ந்து பஸ்லயே ஒரு மணி நேரமாகும்!"

"அவர் சாப்பிடாம இளைச்சதும் ரொட்டி நிறைய வாங்கினதும் புரியுதா?"

டெஸ் அந்த ரொட்டித் துணுக்கைக் காலால் புரட்டினான். "நாயை ஏன் விட்டுட்டுப் போனார்?"

"தனியா நிக்கற ஆடு நாயைக் கண்டா ஓடிடும். அதைப் பயமுறுத்தாமக் கூட்டிட்டு வரணும்னு நினைச்சிருக்கார்." அவள் மூடுபனியைப் பார்த்தாள். "நினைச்சது நடந்திருந்தா நேத்தே வீட்டுக்கு வந்திருப்பார்."

*

அதற்குமேல் தடம் இல்லை. பனி முழுவதுமாக இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரிந்தது, அதற்கு அப்பால் வெள்ளை. லாக்லனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குரல் பஞ்சுக்குள் போனதுபோல் அமுங்கிப் போனது. பதில் இல்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

எல்ஸ்பெத் ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். ஜெபம் நீளமாக வரவில்லை. "காட்டும்" என்ற ஒரு சொல்தான் வந்தது.

பக்கத்தில் கரகரவென்று காகிதச் சத்தம்.

"என்ன அது?"

"சிப்ஸ் பாஸ். உப்பும் வினிகரும். வருத்தம் வந்தா எனக்குப் பசிக்கும்."

"சும்மா இரு."

"ஒரு வாய்தான்..."

"சும்மா இருன்னேன். காது குடு."

தூரத்தில் ஏதோ தடதடத்தது. நின்றது. மறுபடி தடதடத்தது. எல்ஸ்பெத் டெஸ்ஸின் கையிலிருந்து பாக்கெட்டைப் பிடுங்கி, தலைக்குமேல் தூக்கிக் கசக்கினாள். தடதடப்பு ஓட்டமாக மாறியது. வெள்ளைத் திரையைக் கிழித்துக்கொண்டு ஒரு கறுத்த முகமும், வளைந்த கொம்பும், சேறு படிந்த ரோமமுமாக ஒரு பெண்ணாடு வந்து நின்று பாக்கெட்டை முட்டியது.

மலையாடு மனிதனைக் கண்டால் ஓடும். காகிதப் பை சரசரப்பைக் கேட்டு ஓடி வருகிற மலையாடு, ஒருவர் கையால் தினமும் தின்ற ஆடு.

"பாஸ்." டெஸ் விரலை நீட்டினான். "கழுத்தைப் பாருங்க."

ஆட்டின் கழுத்தில் கயிறு இருந்தது. கொட்டகை ஆணியிலிருந்து காணாமல் போன கயிறு. இறுகாதபடி முடிச்சுப் போட்டிருந்தது. மறுமுனை பின்னால் ஹெதரில் இழுபட்டுக்கொண்டு வந்திருந்தது.

எல்ஸ்பெத் அந்த முனையை எடுத்துத் தளர்வாகப் பிடித்துக்கொண்டாள். "சிப்ஸ் எல்லாத்தையும் குடுத்துடு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அப்புறம் அது எங்க போகுதோ அங்க போவோம்."

பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு, ஆடு திரும்பி நடந்தது. தயங்கவே இல்லை. வளைவைச் சுற்றி, ஓர் ஓடையைத் தாண்டி, மலையின் பின்புறம் இறங்கியது. பழுப்பும் கருப்புமாயிருந்த தரை திடீரென்று பச்சையானது. அந்தக் காலத்தில் கோடையில் மாடுகளோடு வந்து தங்கியவர்களின் இடம். அவர்கள் போய் எத்தனையோ தலைமுறை ஆகியும் மண் அந்த உரத்தை மறக்கவில்லை. பச்சையின் நடுவே தாழ்ந்த கூரையோடு ஒரு கல் குடில். கதவு பாதி திறந்திருந்தது. ஆடு தன் வீட்டுக்குள் போவதுபோல உள்ளே போனது.

எல்ஸ்பெத் வாசலில் நின்றாள். உள்ளே இருட்டு.

"யாரது?" என்றது ஒரு தேய்ந்த குரல்.

"நான்தான். எல்ஸ்பெத்."

"கதவைச் சாத்திட்டு வா பொண்ணே. குளிர் உள்ள வருது."

*

லாக்லனின் இடது கணுக்கால் பூட்ஸுக்கு மேலே வீங்கித் திரும்பியிருந்தது. உதடு நீலம். கோட்டின் ஒரு பக்கம் முழுதும் ஆட்டு ரோமம். ராத்திரி பூரா அது அவர்மேல் சாய்ந்து படுத்திருந்திருக்கிறது. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறினாலும் நின்றபாடில்லை.

"கயிறைப் போட்டதும் ஒரே இழுப்பு. நான் ஒரு பக்கம், காலு ஒரு பக்கம். தவழ்ந்து தவழ்ந்து இங்க வந்தேன். அதோ பாரு."

அவர் காட்டிய இடத்தில் கணப்பு. அதில் யாரோ நெருப்பைத் தயாராக அடுக்கி வைத்திருந்தார்கள். அடியில் காய்ந்த ஹெதர், அதன்மேல் சிராய்த்த மரத்துண்டுகள், மேலே சதுப்பு மண்ணிலிருந்து வெட்டிக் காயவைத்த கரிக்கட்டிகள். மலைக்குடிலின் முறை அது. தங்கிவிட்டுப் போகிறவர் அடுத்து வருகிறவருக்காக அடுக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். வருவது யார், எப்போது என்று தெரியாது.

"இவ்வளவும் இருந்தும் ஏன் பத்த வைக்கல?" என்றான் டெஸ்.

லாக்லன் கண்ணை மட்டும் உயர்த்தினார். கதவு நிலைக்கு மேலே, எலிக்கும் ஈரத்துக்கும் எட்டாத உயரத்தில் ஒரு பலகை. அதில் தீப்பெட்டி வைத்த தகர டப்பா. அதற்குப் பக்கத்தில் ஒரு பூட்ஸ்.

"எந்திரிக்க முடியல. டப்பாவைத் தட்டி விடலாம்னு நல்ல கால் பூட்ஸைக் கழட்டி எறிஞ்சேன். இப்ப ரெண்டும் அங்கேயே இருக்கு. ராத்திரி பூரா பார்த்துட்டே கிடந்தேன்."

"ஐயா, கிளாஸ்கோல உங்களைவிட மோசமாக் குறி வைக்கறவங்கள்லாம் கால்பந்து ஆடறாங்க," என்று சொல்லிக்கொண்டே டெஸ் எட்டி இரண்டையும் எடுத்தான்.

யாரோ நன்றாகக் காயவைத்திருந்தார்கள். ஒரே குச்சியில் பிடித்தது. எல்ஸ்பெத் தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினாள். பிறகு டெஸ்ஸை வாசலுக்கு அழைத்துப் போனாள்.

"இங்க போன் எடுக்காது. நீ தனியா இறங்கணும். மலையை நம்பாத, ஓடையை நம்பு. தண்ணி எங்க போகுதோ அங்கேயே போ. அது ரோட்டுல கொண்டு விடும்."

டெஸ் பனியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டான். "என்ன சொல்லணும்?"

"பெயின்கிட்ட ஸ்ட்ரெச்சர் வேணும்னு சொல்லு. மார்சலிகிட்ட, கயிறு ஆட்டோட கழுத்துல இருந்துதுன்னு சொல்லு. அந்த ஒரு வரி போதும்."

அவன் தலையாட்டிவிட்டு இறங்கினான். கொஞ்ச நேரம் அவன் பாடுவது கேட்டது, பயத்தை மறைக்கிற உரத்த பாட்டு. பிறகு அதுவும் கேட்கவில்லை.

எல்ஸ்பெத் உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஆடு இருவருக்கும் நடுவே படுத்து அசைபோட்டது.

"அது என்னுது இல்ல, தெரியுமா," என்றார் லாக்லன், நெருப்பைப் பார்த்தபடி. "முறைப்படி வித்தாச்சு. அக்டோபர் முதல் வாரம் ஒருநாள், சும்மா மலையைப் பார்த்துட்டு வரலாம்னு வந்தேன். இங்க நின்னுட்டிருக்கு. குளம்பெல்லாம் தேஞ்சு போய், எலும்பும் தோலுமா. கிளென் ஓரல்காரருக்கு அன்னைக்கே போன் பண்ணியிருக்கணும். நாளைக்குப் பண்ணலாம்னு நினைச்சேன். ஓடற ஆட்டை யாரும் வெச்சுக்க மாட்டாங்க பொண்ணே. நேரா கறிக்குப் போயிடும்."

"அதனாலதான் திருவிருந்துக்கு எந்திரிக்கலையா?"

"இன்னொருத்தர் ஆட்டை ஒளிச்சு வெச்சுக்கிட்டு எந்தக் கையால அப்பம் வாங்கறது?" அவர் சொன்ன விதத்தில் சிரிப்பு இல்லை. "நேத்து காலையில எழுந்ததும் முடிவு பண்ணிட்டேன். கட்டிக் கூட்டிட்டுப் போய்க் கொட்டகையில வெச்சுட்டுப் போன் பண்ணிடணும்னு. கயிறை எடுத்துட்டுக் கிளம்பினேன்."

"ஊர்ல வேற மாதிரி நினைச்சுட்டாங்க லாக்லன்."

"வேற மாதிரின்னா?"

அவள் நெருப்பைக் கிளறினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கயிறு, மரக்காடு, கட்டிப் போட்ட நாய் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் மனசில் போய் விழுவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

"அட கடவுளே," என்றார். "மார்சலியுமா?"

"அவதான் முதல்ல."

கரிக்கட்டி ஒன்று சரிந்து பொறி பறந்தது.

"எனக்கு அப்படி ஒண்ணு தோணவே இல்லையே. பேச ஆள் இல்லாம இருந்தது நிஜம். வீட்டுல கடிகாரம்தான் பேசும். மேல வந்தா இது என் முகத்தைப் பார்த்துட்டு நிக்கும். அதுக்காகத்தான் வந்துட்டிருந்தேன்னு நினைக்கிறேன், ரொட்டிக்காக இல்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டிருக்கணும்," என்றாள் எல்ஸ்பெத். "உங்களுக்குப் பின் வரிசையிலதான் உட்கார்ந்திருந்தேன்."

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். வெளியே டார்ச் வெளிச்சங்கள் பனியில் மங்கலாக ஏறி வரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். முதலில் உள்ளே நுழைந்தது மார்சலி. யார் சொன்னாலும் வீட்டில் இருக்கமாட்டேன் என்று ஸ்ட்ரெச்சர் ஆட்களுக்கு முன்னால் ஓடி வந்திருந்தாள். அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆட்டு ரோமம் அவள் மூக்கில் ஏறித் தும்மினாள். அழுகையும் தும்மலுமாக அவள் நிறுத்த முடியாமல் தவித்தபோது, பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற டெஸ், "மருந்து வேணுமா?" என்றான். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

*

கிளென் ஓரல் பண்ணைக்காரருக்கு மார்சலியே போன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவ்வளவு தூரம் நடந்து வந்த ஆட்டை மறுபடி வண்டியில் ஏற்ற தமக்கு மனசு வராது, அங்கேயே இருக்கட்டும் என்றாராம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடந்த லாக்லன், செய்தியைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம். மார்சலி வசந்தம் வரை ஊரிலேயே இருக்கப் போவதாகச் சொன்னாள். பெயின் ஏரிக்கரையில் பிடித்த சளியோடு வந்து, ஸ்வீப்பிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் அதன் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஒருநாள் வானம் வெளுத்தது. எல்ஸ்பெத் டெஸ்ஸிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாகக் கிளம்பினாள். முதுகில் ஒரு சாக்கு. அதில் அவள் வீட்டுக் கொல்லையில் கோடை முழுதும் காய்ந்த கரிக்கட்டிகளும், அடுப்போரம் உலரவைத்துச் சிராய்த்த மரத்துண்டுகளும் இருந்தன. பாரம் தோளை அழுத்தியது. அடிக்கடி நின்றாள். மொட்டைக்குன்று வெயிலில் பழுப்பாகப் படுத்திருந்தது. ஆளரவமே இல்லை.

குடிலில் சாம்பல் அப்படியே கிடந்தது. அள்ளி வெளியே கொட்டினாள். கல்லைத் துடைத்தாள். காய்ந்த ஹெதரைப் பறித்து அடியில் வைத்து, அதன்மேல் மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, மேலே கரிக்கட்டிகளைச் சாய்த்து நிறுத்தினாள். அன்று இதை அடுக்கி வைத்திருந்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவர் அடுக்கியதைவிட ஒரு கட்டி கூடுதலாக வைத்தாள்.

தகர டப்பாவில் புதுத் தீப்பெட்டியைப் போட்டு மூடினாள். கதவு நிலைக்கு மேலே இருந்த பலகையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கணப்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, சுவரின் அடியில், தரையோடு தரையாக இருந்த ஒரு கல்லை அசைத்து அசைத்துப் பிடுங்கினாள். படுத்துக் கிடப்பவர் கைக்கு எட்டும் இடம். ஈரம் தட்டாமல் இருக்கப் பொந்துக்குள் தட்டையான ஒரு கல்லைப் பதித்து, டப்பாவை அதன்மேல் வைத்தாள். தரையில் படுத்துக் கையை நீட்டிப் பார்த்தாள். எட்டியது.

எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, கதவைத் தாழிட்டுவிட்டு இறங்கினாள்.